பெண்களே இல்லாத தெருவும் ஆண்களே இல்லாத ஊரும்

சென்னையிலிருந்து கோவில்பட்டிக்குப் போய்வந்ததை வெளிநாட்டுப் பயணம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். மாம்பலத்தில் பிறந்து, மாம்பலத்தில் படித்து, மாம்பலத்திலிருந்து நடந்துபோகிற தூரத்தில் ஒரு கல்லூரியில் அரசியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தவனுக்குத் தாம்பரம் தாண்டினாலே வெளிநாடுதான். எண்பதுகளின் தொடக்கம் அது. டாக்டர் பட்டத்துக்காக ஒரு சட்டமன்றத் தொகுதியின் புவியியலையும் ஓட்டு வரலாற்றையும் எழுதிக்கொண்டிருந்தேன். தொகுதி கோவில்பட்டி. எழுதியதெல்லாம் மாம்பலத்தில் மின்விசிறிக்குக் கீழே. ஏன் கோவில்பட்டி என்று கேட்டால், மற்றத் தொகுதிகளை எனக்கு முந்தி வந்தவர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

நான்காம் அத்தியாயம்தான் என் பெருமை. நகரத்தின் கிழக்கு ஓரத்தில் புதுக்கிணற்றுத் தெரு என்று ஒன்று. அதன் வாக்காளர் பட்டியலில் ஏறக்குறைய எல்லாரும் ஆண்கள். அதற்கடுத்த ஓடையைத் தாண்டினால் ஓடைக்கரைப்பட்டி என்ற சிறிய ஊர்; அது ஓட்டப்பிடாரம் தொகுதி. அந்த ஊர்ப் பட்டியலில் பெண்கள் அள்ளிக் கொட்டிக் கிடந்தார்கள். கணவர் பெயர்களை ஒப்பிட்டுப் பார்த்தேன். தெருவில் இருந்த ஆண்களேதான் இந்தப் பெண்களின் கணவன்மார்! போதாக்குறைக்கு, பட்டியில் பெண்கள் ஒருவர் பாக்கியில்லாமல் ஓட்டுப் போட்டுவந்திருந்தார்கள். விடுவேனா? "தொழில்மயம் குடும்பங்களைப் பிரிக்கிறது, பிழைப்புக்காகக் கணவன் நகருக்குப் போய்விட, பிரிவின் துயரம் பெண்ணை அரசியல் விழிப்புக்குத் தள்ளுகிறது" என்று முப்பது பக்கம் எழுதினேன். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது.

பேராசிரியர் படித்துவிட்டு, "பிரமாதம். ஒருதடவை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடும், கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்" என்றார். அந்தக் கையெழுத்து கிடைத்தால் டாக்டர் பட்டம், பட்டம் கிடைத்தால் பதவி உயர்வு. ஐப்பசி மாதம் ரயிலேறினேன்.

முதல் நாள் ரயிலடியில் குதிரை வண்டி பிடித்தேன். ஆராய்ச்சியை உடனே தொடங்கிவிடலாமே என்று வண்டிக்காரரிடம் இந்தத் தொகுதியில் யார் யாருக்கு ஓட்டுப் போடுவார்கள் என்று கேட்டேன்.

"மில்லுச் சங்கு காதுல விழுற பக்கம் ஒரு கொடி சார். பஜாரு ஒரு கொடி. தீப்பெட்டி ஆபீசுல மொதலாளி ஒரு கொடி, வேலையாளு ஒரு கொடி. வெளிய கரிசக்காட்டுல மழை பேஞ்சா ஒரு கொடி, பேயலைன்னா ஒரு கொடி."

"நீங்க எந்தக் கொடி?"

"நான் குதிரை எந்தப் பக்கம் திரும்புதோ அந்தப் பக்கம்."

என் முதல் அத்தியாயம் நாற்பது பக்கம். அவர் ரயிலடிக்கும் பஜாருக்கும் இடையில் முடித்துவிட்டார். பஜாரில் ஒரு டீக்கடையில் மேற்கொண்டு விசாரித்தேன். இதுவரை இந்தத் தொகுதியில் ஜெயித்தவர்கள் யார் யார் என்று கேட்டதற்குக் கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "ஜெயிச்சவிய பேரு ஞாபகமில்ல சார். தோத்தவிய பேரு பூரா சொல்லுதேன், எழுதிக்கிடுங்க. தோத்தவிய தானே கடைக்கு டீ குடிக்க வாராக." வரிசையாகச் சொல்லவும் செய்தார். அதில் இரண்டு பேர் அப்போது பெஞ்சில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து சேவு தின்றுகொண்டிருந்தார்கள். அந்தச் சேவு பற்றி ஒரு வார்த்தை. மாம்பலத்தில் விற்பது இதன் தூரத்து உறவுகூட இல்லை. கால் கிலோ வாங்கினேன். விடுதி அறைக்குப் போய்ச் சேரும்போது வெறும் பொட்டலத் தாள்தான் இருந்தது.

இரண்டாம் நாள் காலை டவுன் பஸ்ஸில் புதுக்கிணற்றுத் தெருவுக்குப் போனேன். முன் ராத்திரி மழை பெய்திருந்தது. கரிசல் மண்ணைப் பற்றி நான் இரண்டாம் அத்தியாயத்தில் "ஈரத்தைத் தேக்கும் இயல்புடையது" என்று எழுதியிருந்தேன். பஸ்ஸையும் தேக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. பின்சக்கரம் பாதி புதைந்ததும் கண்டக்டர் ஆண்களையெல்லாம் இறங்கித் தள்ளச் சொன்னார். தள்ளும்போது பக்கத்தில் இரண்டு பெரியவர்கள் என்னைப் பார்த்துத் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். மாம்பலத்தில் நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் தெலுங்கர், எனக்குப் புரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

"கையில் பட்டியல் வைத்திருக்கிறான், வீட்டுக்கு வீடு ஆள் எண்ண வந்திருக்கிறான். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபீசராக இருக்குமோ?" என்றார் ஒருவர்.

"இந்த வயதில் நமக்கு என்ன பயம்?" என்றார் மற்றவர்.

"பயம் இல்லைதான். எதற்கும் தள்ளி நில்."

இருவரும் பஸ்ஸின் மறுபக்கம் போய்விட்டார்கள். என் பக்கத்தை நான் ஒருவனே தள்ளினேன். பஸ் கிளம்பியது, என் இடது செருப்பு மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டது. அதைத் தோண்டி எடுத்து மாட்டிக்கொண்டு மீதித் தூரத்தை நடந்தேன். பத்தடிக்கு ஒருமுறை செருப்பில் மண் சேர்ந்து சேர்ந்து, தெருவுக்குள் நுழையும்போது நான் அரையடி உயர்ந்திருந்தேன்.

ஆபீசர் செய்தி எனக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. கதவுகள் படபடவென்று சாத்தப்பட்டன. ஆனால் அதற்குள் நான் பார்க்கக்கூடாததைப் பார்த்துவிட்டேன். தெரு முழுக்கப் பெண்கள்! வீட்டுக்கு வீடு வாசலில் உட்கார்ந்து மரச்சீவலையும் நீலத்தாளையும் வைத்துத் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். என் அத்தியாயத்தின்படி இவர்கள் ஓடைக்கு அந்தப் பக்கம் பிரிவுத் துயரில் இருக்க வேண்டியவர்கள். ஆராய்ச்சியாளனின் மூளை லேசில் தோற்காது. எல்லாரும் கணவன்மாரைப் பார்த்துப்போக வந்திருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டேன். நாற்பது பேரும், ஒரே நாளில், பசைச் சட்டியோடு.

ஒருத்தி மட்டும் கதவைச் சாத்தவில்லை. முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். பெயர் சண்முகத்தாய். ஒட்டுகிற கை நிற்காமலே கேட்டாள்.

"என்ன சார் எண்ணுதீங்க?"

"ஓட்டர் லிஸ்ட் சரிபார்க்கிறேம்மா. நீங்க ஓடைக்கரைப்பட்டிதானே?"

"அங்கன எனக்கு என்ன சோலி? இந்தத் தெருவுக்கு வாக்கப்பட்டு வந்து பதிமூணு வருசமாச்சு." சட்டென்று கை நின்றது. "ஓட்டு லிஸ்டா அது? எம்பேரு இருக்கான்னு பாருங்க சார். மூணு எலெக்சனுக்குப் போனேன். எங்க வீட்டுக்காரரு உள்ள போய் விரல்ல மை வச்சுட்டு வருவாரு. என்னைய மட்டும் பேரு இல்லன்னு திருப்பி விட்டுருவாக. நாளைக்கழிச்சு வெள்ளிக்கிழமையோட பேரு சேக்க கெடு முடியுதாம்லா?"

நான் தெருவின் பட்டியலைப் புரட்டி, இல்லை என்று சொன்னேன். அது உண்மை. பைக்குள் இருந்த பட்டியின் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. அதை எடுக்கவில்லை. விஷயத்தை நன்றாக விசாரித்துவிட்டுச் சொல்லலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் முப்பது பக்கம் போய்விடுமே என்ற பயம்தான்.

மூன்றாம் நாள் காலை ஓடைக்கரைப்பட்டிக்குப் போனேன். என் வரைபடத்தில் தெருவுக்கும் பட்டிக்கும் நடுவே ஒரு விரல் அகலம் இருந்தது. அந்த ஒரு விரல் அகலத்தில்தான் குடும்பங்களையெல்லாம் பிரித்து வைத்திருந்தேன். நேரில் வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடையில் இறங்கினால் பத்து நிமிஷம். என் கதாநாயகிகள் கணவனுக்குச் சோறு எடுத்துக்கொண்டு வந்து, சண்டையும் போட்டுவிட்டு, அந்தச் சோறு ஆறுவதற்குள் திரும்பிப் போகலாம்.

பட்டியில் எல்லாமே பெருமாள்சாமி அண்ணாச்சிதான். நிலபுலம், மளிகைக் கடை, அதோடு தீப்பெட்டி ஆபீசுக்கு (அங்கே தொழிற்சாலைக்கு அப்படித்தான் பெயர்) பெட்டி ஒட்டித் தரும் ஏஜெண்ட். சுற்றுவட்டாரத்துப் பெண்களுக்கெல்லாம் அவர் வண்டியில்தான் சீவலும் தாளும் போகும். என்னை உட்காரவைத்துக் கருப்பட்டிக் காபி கொடுத்தார். என் ஆராய்ச்சிப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லி, இந்த ஊரில் இவ்வளவு பெண் வாக்காளர்கள் எப்படி என்று கேட்டதும் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"அது பெரிய கதை சார். லிஸ்ட் எழுத ஒரு வாத்தியார் வந்தாரு. சரியான வெயிலு. ஊருக்குள்ள நடக்க முடியலன்னு நம்ம கடையில உக்காந்தாரு. யாரு யாரு இருக்கான்னு கேட்டாரு. எனக்கு வேலை இருந்துச்சு, இந்தா நோட்டுல இருக்கு, பாத்து எழுதிக்கிடுங்கன்னு நம்ம பெட்டி வண்டிக்காரன் நோட்டைத் தூக்கிக் குடுத்துட்டேன்."

அந்த நோட்டைக் காட்டினார். பெட்டி ஒட்டும் பெண்கள் பெயர், கணவன் பெயர், அடையாளத்துக்காக அவர் கதவுகளில் தாரால் எழுதிவைத்த எண். ஊர் வாரியாக இல்லை, சேர்ந்த வரிசையில். ஓடைக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் எல்லாம் கலந்து. வாத்தியார் முதல் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை அழகான கையெழுத்தில் நகல் எடுத்துக்கொண்டு, மோர் குடித்துவிட்டுப் போயிருக்கிறார். அப்படித்தான் கோவில்பட்டித் தெருவின் மனைவிமார் எல்லாரும் ஒரே மத்தியானத்தில் ஓட்டப்பிடாரம் தொகுதிக்குக் குடிபோனார்கள்.

"டவுன்ல லிஸ்ட் எழுத வந்தவர் ஏன் அவங்களை விட்டுட்டார்?"

"நம்ம வண்டிக்காரன் போய், உங்க பேரெல்லாம் எழுதியாச்சுன்னு சொல்லிட்டான். ரெண்டு எடத்துல எழுதுனா போலீசு புடிக்கும்னு எவனோ சொல்லியிருக்கான். டவுன்காரரு வந்தப்போ எங்க பேரு ஏறியாச்சு, ஆம்பளைய பேரை மட்டும் எழுதுங்கன்னு பொம்பளைய எல்லாரும் ஒண்ணுபோல சொல்லிட்டாக."

"அப்படின்னா இந்த ஊர்ல அவங்க ஓட்டெல்லாம் பதிவாகியிருக்கே? யார் போட்டது?"

அண்ணாச்சி முகத்தில் கொஞ்சம்கூட வெட்கம் இல்லை. "பேரு இருக்குல்லா. வீணாப் போகலாமா? ஆளுக்கு ரெண்டுன்னு இங்கன உள்ள பொம்பளைய போட்டுட்டாக."

அரசியல் விழிப்பு என்று நான் கண் கலங்கியது இதற்குத்தான்.

மத்தியானம் சாப்பாடு போட்டார். குதிரைவாலிச் சோறு, மொச்சைக் குழம்பு, காணத் துவையல் என்று அவர்கள் சொல்லும் கொள்ளுத் துவையல். மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன். நான்காம் தரம் பரிமாறும்போது மெதுவாகச் சொன்னார். "சார், அந்தப் பேரெல்லாம் போச்சுன்னா எங்க ஊருக்குப் பூத்து கெடையாது. ஆளு பத்தாதுன்னு எடுத்துருவாக. கெழடு கட்டையெல்லாம் அடுத்த ஊருக்கு நடக்கணும். நீங்களும் ஏதோ புத்தகம் எழுதியிருக்கதா சொன்னீங்கல்லா. இருக்கது இருந்தபடி இருந்தா உங்க புத்தகத்துக்கும் சேதம் இல்ல, எங்க பூத்துக்கும் சேதம் இல்ல." வாயில் மொச்சை இருந்ததால் நான் பதில் சொல்லவில்லை. மொச்சை இல்லாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன். மனசு அவர் பக்கம்தான் இருந்தது. இதை இப்போது எழுதவும் வெட்கமாக இருக்கிறது.

திரும்பும்போது வேறு வழியில்லை, புதுக்கிணற்றுத் தெருவில்தான் கரையேற வேண்டும். கால் கழுவத் தண்ணீர் கொடுத்தாள் சண்முகத்தாய். பையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் பட்டியின் பட்டியல் அவள் கையில் விரிந்திருக்கிறது.

"எனக்கு எழுத்துத் தெரியாதுன்னு நெனச்சீங்களா சார்? அஞ்சாப்பு வரைக்கும் போயிருக்கேன்." விரலை வைத்துப் படித்துக்கொண்டே போனாள். "பேச்சியம்மா. மாரித்தாய். ஏட்டி மாரித்தாய், இங்க வா! இந்தா நான். சண்முகத்தாய், க/பெ முருகையா. பட்டியிலயா? நேத்தே இது உங்க பைக்குள்ள இருந்துச்சா சார்?"

இருந்தது என்றேன். வேறென்ன சொல்ல?

ஒரு நிமிஷத்தில் தெரு கூடிவிட்டது. நடந்ததை எல்லாம், ஆளுக்கு இரண்டு ஓட்டு உட்பட, சொல்லி முடித்தேன். முதலில் சிரிப்புத்தான். முருகையா மில்லிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். "அப்ப நாங்க ரெண்டுபேரும் வேற வேற தொகுதியா? பதிமூணு வருசமா ஒரு பேச்சுல கூட ஒத்துப்போகலையே, இப்பல்லா வெளங்குது" என்றார். மாரித்தாயின் புருஷன், தன் மாமியார் எந்தத் தொகுதி, அவளை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட முடியுமா என்று கேட்டார். சண்முகத்தாய் மட்டும் சிரிக்கவில்லை.

"மூணு தடவையும் புதுச்சேலை கட்டிட்டுப் போனேன் சார். வரிசையில எல்லாரும் பாக்கத் திரும்பி வந்தேன். நான் அங்கன வெக்கப்பட்டு நிக்கும்போது இங்கன எவளோ எம்பேரைச் சொல்லி மை வச்சிருக்கா." என்னால் தலையை நிமிர்த்த முடியவில்லை. ஓட்டைப் பற்றி எட்டு வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன். அதற்குப் புதுச்சேலை கட்டுவார்கள் என்று எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலையில் தாலுகா ஆபீசிலிருந்து விண்ணப்பங்களை வாங்கிவந்து அவள் வாசலில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். பெண்கள் குடும்ப அட்டையோடு வரிசையில் நின்றார்கள். ஒட்டுப் பசை காயாத விரலால் கையெழுத்துப் போட்டதில் ஒரு விண்ணப்பத்தோடு இன்னொரு விண்ணப்பம் ஒட்டிக்கொண்டது. பேச்சியம்மாள் தன் விண்ணப்பத்தை முழங்கையில் ஒட்டிக்கொண்டே வீட்டுக்குப் போய்விட்டாள். ஆள் அனுப்பி மீட்டோம்.

பதினோரு மணிக்குப் பெருமாள்சாமி அண்ணாச்சியே வந்துவிட்டார். வேட்டியில் இடுப்பு வரை சேறு. என்னை ஒரு பார்வை பார்த்தார். மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டவன் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு பெண்களைப் பார்த்துச் சொன்னார்.

"பேரு மாத்துதவளுக்கு நாளையிலருந்து வண்டி வராது. பெட்டி கெடையாது. சொல்லிட்டேன்."

வரிசை அசைந்தது. இரண்டு பேர் பின்னால் நகர்ந்தார்கள். பெட்டி இல்லையென்றால் அந்த வீடுகளில் அடுப்பு எரிவது கஷ்டம். சண்முகத்தாய்க்கும்தான். அவள் எழுந்து நின்றாள்.

"அண்ணாச்சி, கார்த்திகைக்கு முன்னால ஆபீசுக்கு எம்புட்டுப் பெட்டி தரணும்னு ஒத்துக்கிட்டு இருக்கீங்க?"

அண்ணாச்சி குனிந்து வேட்டிச் சேற்றை வழிக்க ஆரம்பித்தார்.

"இந்தத் தெருவுல நாப்பது பேரு. நாங்க ஒட்டலைன்னா நீங்களும் உங்க வண்டிக்காரனும் உக்காந்து ஒட்டுங்க. மாடும் ஒட்டும்னா ஒட்டட்டும். இங்கன ஒட்டுதது எங்க கை. அங்கன போட்டதும் எங்க பேரு. ரெண்டையும் நீங்களே வச்சுக்கிடணும்னா எப்பிடி?" பிறகு குரலைத் தணித்தாள். "உங்க ஊருக்குப் பூத்து வேணும்னா மனு எழுதுங்க. சார் எழுதித் தருவாரு. நாங்களும் கையெழுத்துப் போடுதோம்."

என்னைக் கேட்காமலே எனக்கு இன்னொரு வேலை வைத்துவிட்டாள். பின்னால் நகர்ந்த இருவரும் வரிசைக்குத் திரும்பினார்கள். அண்ணாச்சி வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடைப் பக்கம் நடந்தார்.

நாலு மணிக்கு ஊர்வலமாகத் தாலுகா ஆபீசுக்குப் போனோம். குமாஸ்தா விண்ணப்பங்களை எண்ணிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அட்டையெல்லாம் சரியா இருக்கு. ஆனா இவிய அங்கன ஒரு லிஸ்டுல இருக்காகளே. அது தப்புன்னு கண்டுபிடிச்சது யாரு? என்ன ஏதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். நாளைக்கு மேலதிகாரி கேட்டா நான் யாரைக் காட்டுவேன்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பேனாவைத் திறந்தேன். இந்தப் பெண்கள் பட்டியில் வசிப்பவர்கள் என்று நான் எழுதிய முப்பது பக்கம் பேராசிரியரின் மேஜையில் இருந்தது. இங்கே அதே கையால், இவர்கள் ஒருநாளும் அங்கே வசித்ததில்லை என்று எழுத வேண்டும். கெடு முடிய அரைமணி நேரம். சத்தியமாகச் சொல்கிறேன், எழுத்து வரவில்லை.

"என்ன சார், மை தீந்துபோச்சா?" என்றாள் சண்முகத்தாய்.

ஒரு பக்கத்தில் எழுதி முடித்தேன். என் ஆராய்ச்சியில் உருப்படியான பக்கம் அது ஒன்றுதான். குமாஸ்தா அதைப் படித்துவிட்டு முத்திரையைக் குத்தினார். ஒவ்வொருத்திக்கும் ரசீது கொடுத்தார். சண்முகத்தாய் ரசீதை நான்காக மடித்து, பிறகு பிரித்து இன்னொரு தடவை படித்துவிட்டு மறுபடி மடித்தாள்.

சனிக்கிழமை ஊருக்குப் புறப்படுமுன் பட்டிக்கான மனுவை எழுதிக் கொடுக்கத் தெருவுக்குப் போனேன். எனக்கு முன்னால் அண்ணாச்சியின் வண்டி வந்து நின்றிருந்தது. வண்டிக்காரர் யார் முகத்தையும் பார்க்காமல் சீவல் கட்டுகளை வீட்டுக்கு வீடு இறக்கிக்கொண்டிருந்தார். வழக்கத்தைவிட இரண்டு கட்டு அதிகம் என்று மாரித்தாய் என் காதில் சொன்னாள்.

சண்முகத்தாய் பசை காய்ச்சிக்கொண்டிருந்தாள். நான்காம் அத்தியாயம் போய்விட்டது, புதிதாக எதையாவது எழுதியாக வேண்டும். பழக்கதோஷம் விடவில்லை. பேனாவை எடுத்துக்கொண்டு, அடுத்த தேர்தலில் யாருக்கு ஓட்டுப் போடுவாய் என்று கேட்டுவிட்டேன்.

கரண்டியை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மூணு தடவை எம்பேருல யாருக்கு ஓட்டு விழுந்துச்சுன்னு எனக்கே தெரியாது சார். அடுத்த தடவை எனக்கு மட்டுந்தான் தெரியும். பேனாவை மூடுங்க."